மூச்சு வாங்கும் இடம்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வீட்டுக்காரர் சுகம், நான் மட்டும் நடுக்கம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் வீட்டுப் போன் இரண்டு மாதமாக ரிப்பேர், இனிமேல் கடிதம் எழுது என்று அத்தான் கார்டு போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உன் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு வாரமே தொடங்க மாட்டேன் என்கிறது. சரி, கடிதம் என்றால் கடிதம். என் தலைவிதியைக் கேள்.

எங்கள் பாட்டு டீச்சர் பிரசவத்துக்காக லீவில் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் வரவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் கூட்டுப்பாட்டுக் குழுவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கணக்கு டீச்சர் மேடம் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க அக்கா ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவங்கன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறீங்க? குரல் உங்க குடும்பச் சொத்தாச்சே" என்று ஒரே போடாகப் போட்டார். தவளை தன் வாயால் கெட்டது.

விஷயம் விளையாட்டில்லை அக்கா. போன வருஷம் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் நாங்கள்தான் கடைசி. "பிள்ளைகள் பாடவில்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள்" என்று நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நவம்பரில் மறுபடியும் போட்டி. இந்தத் தடவையும் கடைசி என்றால் குழுவைக் கலைத்துவிட்டு, பாட்டுப் பீரியடையும் கணக்குக்கே கொடுத்துவிடுவார்களாம். கணக்கு டீச்சர் நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் முடியவில்லை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் இந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்காமல் இருக்கிறார்கள்.

மொத்தம் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொன்று பகா எண். எப்படி வரிசை பிரித்தாலும் மீதி விழுகிறது. ஆரம்பமே எப்படி இருக்கிறது பார்.

பாட்டு டீச்சர் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டு இதுதான்:

விளக்கு வைத்தேன் வாசலிலே, விரைந்து வாராயோ
வழி தெரியாப் பயணம் என்றால், வெளிச்சம் பாராயோ

முடிக்கும்போது முதல் வரிக்குத் திரும்பி, அந்தக் கடைசி "வாராயோ" பதினாறு எண்ணிக்கைக்கு நீள வேண்டுமாம். வாயால் சம்பாதிப்பவள் நீ. எனக்கு ஏதாவது சொல்லிக் கொடு.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்,
தங்கை


ஜூன் 25

சின்னவளே,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். எனக்குத் தொண்டை கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். போன்காரன் வருகிறான், பார்க்கிறான், போகிறான்.

பாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இரண்டாம் நடைமேடைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு சிவப்பு விளக்கு. சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகச் சீட்டு வரும், அதைப் படிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எங்கே மூச்சு வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "மூன்றாவது" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கி "நடைமேடை" என்று சொன்னால், அதற்குள் பாதிக் கூட்டம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ ஓட ஆரம்பித்துவிடும். அர்த்தம் முடிகிற இடத்தில் மூச்சு வாங்கு. உன் பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்லிக்கொடு.

எங்கள் அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை. "தாமதம்" என்ற வார்த்தையைச் சொல்லும்போதே பயப்படுகிறாள், யாரோ வந்து அடித்துவிடுவார்கள் என்பது போல. அவளுக்கு வேலை பழக்குவதில் பொழுது போகிறது.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள், கத்திக் கத்திப் பாடம் நடத்தாதே.

உன் அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

கரகரப்பு போயிற்றா? மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் குடி. நாங்கள் நலம். என் மானம் மட்டும் கப்பலேறிவிட்டது.

நீ சொன்னதை அப்படியே செய்தேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வரிக்குப் பதினாறு எண்ணிக்கை. எட்டில் ஒரு கோடு, பதினாறில் ஒரு கோடு என்று கரும்பலகையில் பின்னமாகவே பிரித்துப் போட்டுவிட்டேன். கோடு வந்தால் மூச்சு. நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் "ஹக்" என்று இழுத்தார்கள் பார், குளத்தில் முங்கினவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தலைதூக்கினது போல இருந்தது. பாட்டைவிட மூச்சு சத்தமாகக் கேட்கிறது.

அடுத்தது உணர்ச்சி. அட்டையில் "சிரிப்பு", "ஏக்கம்" என்று எழுதி, அந்தந்த வரிக்குத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பு அட்டைக்குப் டாக்டரிடம் காட்டுவது போலப் பல்லைக் காட்டினார்கள். ஏக்கத்துக்கு எல்லோருமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பயிற்சிக்குக் கிடைத்திருப்பது மரவேலை அறை. அந்த வழியாகப் போன தலைமையாசிரியை ஜன்னலில் எட்டிப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுவிட்டுப் போனார். மரத்தூளில் இரண்டு பேர் தும்ம, பாட்டு அதோடு முடிந்தது.

நான் வீட்டுக்கு வந்து புலம்பினேன். வீட்டுக்காரர் பேப்பரை மடிக்காமலே, "அழுகைக்கு அட்டை தூக்கின முதல் ஆள் நீதான்" என்றார். கோபம் வந்தது. நியாயமான பேச்சாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

நீ போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டால்கூட எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அதை எப்படிச் செய்கிறாய்? அதை எழுது.

மண்டை காய்ந்துபோன,
தங்கை


ஜூலை 20

சின்னவளே,

எல்லோரும் சுகமென்று அறிந்தேன். இங்கேயும் அப்படியே. உன் கடிதத்தை அத்தானுக்குப் படிக்கக் கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏக்கமாக்கும் என்று கேட்டேன்.

கேள். எனக்கு எழுதிக் கொடுப்பது ஒரே வாக்கியம். "நாற்பது நிமிடம் தாமதமாக வரும். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஒரு நாளைக்கு முப்பது தடவை. எந்த மனுஷிக்கு முப்பது தடவை வருத்தம் வரும்? முதல் வருஷம் நானும் உன் பிள்ளைகளைப் போல ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தகரப் பெட்டிமேல் ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் போல. நாற்பது நிமிடம் என்று அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்துத் தலையாட்டினாள். சரிம்மா, பரவாயில்லை என்பது போல.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளைத் தேடிக்கொள்வேன். ஆயிரம் பேருக்குச் சொன்னால் ஒருத்தருக்கும் கேட்காது. ஒருத்தருக்குச் சொன்னால் ஆயிரம் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

உன் பிள்ளைகள் யாரைக் கூப்பிடுகிறார்கள்? "வாராயோ" என்றால் யார் வர வேண்டும்? அட்டையை அடுப்பில் போட்டுவிட்டு அதைக் கேள்.

உன் அக்கா


ஆகஸ்ட் 6

என் தங்கமான அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. நலமாகத்தான் இருப்பாய். கேள்!

வீட்டுக்கு வர நேரமாகிற ஒருத்தரை ஆளுக்கு ஒருத்தராக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முதலில் இளித்தார்கள். அப்புறம் ஒருத்தி, அவளுடைய அப்பா பஸ் டிரைவர், அவள் தூங்கின பிறகுதான் வீட்டுக்கு வருவாராம், அவர்தான் என்றாள். ஒருத்தனுக்குக் காணாமல்போன நாய். இரண்டு பேர் பாட்டு டீச்சரையே நினைத்துக்கொண்டார்கள், பாப்பாவோடு சீக்கிரம் வர வேண்டுமாம். எங்கள் வீட்டில் எல்லாரும் நேரத்துக்கு வந்துடுவாங்க, நான்தான் லேட் என்றான் ஒருத்தன். அப்போ உன்னையே கூப்பிட்டுக்கோ என்றேன்.

பாடினார்கள் அக்கா. அதே பாட்டு, அதே வாய்கள். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த மரவேலை மாஸ்டர் கையை நிறுத்திவிட்டார். ஆர்மோனியம் காற்றுப் பிடிக்காமல் நடுவில் நின்றுபோனதை யாரும் கவனிக்கவேயில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது, அதையும் தீர்த்துவிட்டேன். ஒரு பெண் இருக்கிறாள், பிள்ளைகள் அவளுக்கு லாரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். தடித்த குரல். மேட்டில் ஏறுகிற லாரிச் சத்தம் அப்படியே. அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, அம்மாவை நினைத்துக்கொண்டு பாடுகிறேன் என்று எல்லோருக்கும் இரண்டு படி கீழே அதே பாட்டைப் பாடினாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆசையாகப் பாடுகிறாள், அனுப்பவும் மனசு வரவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைச்சிக்கோ கண்ணு, வெளியில யாருக்கும் தெரியாது" என்று நயமாகச் சொன்னேன். சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு ஓரத்தில் போய் நின்றுகொண்டாள்.

இப்போது பாடுகிறவர்கள் நாற்பது. ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு. மீதி ஒன்று ஓரமாக. கணக்கு நேராயிற்று. எப்படி உன் தங்கை?

உடனே பதில் போடு.

தலைகால் புரியாத சந்தோஷத்தில்,
தங்கை


செப்டம்பர் 10

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா இல்லையா என்றுதான் தெரியவில்லை. ஐந்து வாரமாயிற்று. ஒரு கார்டு போடக்கூடவா கை வரவில்லை?

முதலில் தபால்காரரைத் திட்டினேன். அப்புறம் உன்னைத் திட்டினேன். நேற்று பயந்துபோய் அத்தான் ஆபீஸுக்குப் போன் போட்டேன். "அவ நல்லாத்தான் இருக்கா, எழுதுவா" என்றார். அத்தான் பொய் சொன்னால் இருமுவார் என்று நீதான் கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னாய். மூன்று தடவை இருமினார்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என் கடிதத்தை வரி வரியாக நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. கோபம் என்றால் திட்டி எழுது. உடம்பு என்றால் சொல், அடுத்த வண்டியில் வந்து நிற்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே, எனக்குத் தாங்காது.

உன் தங்கை


செப்டம்பர் 16

சின்னவளே,

உன்னை இத்தனை நாள் தவிக்க விட்டதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். நான் நலம். இந்த வார்த்தையை இதுவரை எழுதினபோதெல்லாம் பாதிதான் உண்மை. இன்றைக்கு முழுசாக எழுதுகிறேன்.

ஏப்ரலில் என் கழுத்தில் இருந்த ஒரு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதனால் ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவில்லை. யாருடைய தப்பும் இல்லை. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் செய்தார். ஒரு வருஷத்துக்குள் திரும்பினால் திரும்பும், இல்லாவிட்டால் இதுதான் குரல் என்கிறார். ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஐந்து வார்த்தை பேசினால் மூச்சு தீர்ந்துவிடுகிறது. வருகிற சத்தமும் என்னுடையது இல்லை, யாரோ ஓர் ஆம்பிளையுடையது.

எங்கள் வீட்டுப் போன் ரிப்பேர் இல்லை. நான்தான் கம்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். நீ கூப்பிடுவாய், என் குரலைக் கேட்பாய். அதைத்தான் நீ ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டாய். அதை உன் காதிலிருந்தும் எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

புதுப் பெண்ணுக்கு வேலை பழக்குகிறேன் என்று எழுதினேனே, அவள்தான் இப்போது பேசுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டை அடுக்கிக் கொடுக்கிறேன். அவள் "வருந்துகிறோம்" என்று சொல்லும்போது என் உதடு தானாக அசைகிறது. ஒருநாள் கண்ணாடியில் என் முகத்தை நானே பார்த்தேன். வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். "நீ வாயை மட்டும் அசைச்சிக்கோ கண்ணு, வெளியில யாருக்கும் தெரியாது." சின்னவளே, நீ விஷயம் தெரியாமல்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அப்படி ஒரு அழுகை வந்தது. அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

வெளியில் யாருக்கும் தெரியாதுதான். உள்ளே இருக்கிறவளுக்குத் தெரியும். அவளுடைய அம்மாவை அவள் கூப்பிட வேண்டாமா? அந்தப் பிள்ளையைத் திரும்பப் பாட வை. எனக்காக இதை மட்டும் செய். ஓடி வராதே. இந்தக் குரலோடு உன் முன்னால் நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

உன் அக்கா


செப்டம்பர் 29

என் அக்காவுக்கு,

இரண்டு நாள் உன்மேல் கோபத்தில் அழுதேன். மூன்றாவது நாள் என்மேல். கூடப் பிறந்தவளிடம் போய் மறைப்பாயா? வீட்டுக்காரர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டார், போய்ப் பார்த்துவிட்டு வா என்று. நீ வராதே என்று எழுதின வரியைக் காட்டினேன். பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றினார். ஆனால் மேலே ஒன்றும் வைக்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதை நினைவில் வைத்துக்கொள்.

எந்த ஆம்பிளைக் குரலானால் எனக்கென்ன? பேசுகிறது நீதானே?

லாரியைப் போய்க் கேட்டேன். நீ மறுபடி பாடணும்மா என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் பாடினா எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர். வாயை அசைக்கிறது எனக்கு நல்லா வந்திருச்சு" என்றாள். செவிட்டில் அறைந்தது போல இருந்தது. நல்லா வந்திருச்சாம்.

அடுத்த நாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன், டீச்சர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன், நாற்பத்தொன்றுக்கு விடை நாற்பது என்று. டீச்சர் தப்புச் செய்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஐம்பது தடவை இம்போசிஷன் எழுதச் சொன்னான் ஒருத்தன். எழுதினேன். லாரி என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். ஐம்பதாவது முடிந்ததும் லேசாகச் சிரித்தாள்.

அப்புறம் அவளைத் தனியாகப் பாடச் சொல்லி ஆர்மோனியத்தில் தேடிப் பார்த்தேன். அக்கா, அவளுக்குச் சுருதி தப்பவேயில்லை. அவளுக்கு மேலே போக முடியாது, அவ்வளவுதான். கீழே இருந்து பாடினால் சுத்தமாகப் பாடுகிறாள். பாட்டையே இரண்டு கட்டை இறக்கிவிட்டேன். மற்ற நாற்பது பேரும் இறங்கி வந்தார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் இப்போதுதான் பாட்டுக்கு அடியில் தரை இருக்கிறது.

கடைசி "வாராயோ"தான் தகராறு. பதினாறு எண்ண வேண்டும், ஒன்பதிலேயே எல்லோருக்கும் மூச்சு தீர்ந்துவிடுகிறது. அங்கே மறுபடி அந்த "ஹக்". போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது.

நீ பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாயா இல்லையா? போகாவிட்டால் பரண்மேல் பெட்டி தயார்.

உன் தங்கை


அக்டோபர் 11

சின்னவளே,

நலம். முழுசான நலம் இல்லை, முக்கால். போன கடிதத்துக்கு அப்புறம் மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. இம்போசிஷன் விஷயத்தை அத்தான் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

உன் பெட்டிக்குப் பயந்து பயிற்சிக்குப் போகிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண் கறாரானவள். முன்னே மாதிரி நீளமாகப் பேசப் பார்த்து மூச்சு முட்டி நின்றேன். "முடியாதபோது நிறுத்தி வாங்கிக்கோங்கம்மா. மூச்சு வாங்குறதுக்கு எதுக்கு வெட்கம்?" என்றாள். எனக்கு உன் "வாராயோ" ஞாபகம் வந்தது.

ஏன் நாற்பத்தொரு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க வேண்டும்? உனக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், தப்பு என்னுடையது. கண்ணாடி அறையில் தனியாகப் பேசிப் பழகினவள் நான். தனியாகப் பேசுகிறவளுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. பக்கத்துப் பிள்ளை பாடிக்கொண்டிருக்கும்போது நீ வாங்கிக்கொள், அவள் வாங்கும்போது நீ பாடு என்று சொல்லிப் பார். சத்தமில்லாமல் விட்டு, சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். ஒருத்தி நின்றாலும் பாட்டு நிற்காது.

இதை எழுதும்போதுதான் எனக்கே தோன்றியது. நேற்று புதுப் பெண்ணுக்கு நீளமான பட்டியல், பதினான்கு ஊர். எட்டாவது ஊரில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிகிறது, கீழே கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது. என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை இழுத்து ஒன்பதாவது ஊரையும் பத்தாவது ஊரையும் நான் சொன்னேன். பதினொன்றாவதை அவள் பிடித்துக்கொண்டாள். ஒருத்தரும் எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

உன் அக்கா


நவம்பர் 15

அன்பான அக்காவுக்கு,

முக்கால் இப்போது எவ்வளவாகியிருக்கிறது? இங்கே எல்லோரும் நலம், நான் நலத்துக்கு மேலே.

பதினொரு பள்ளிகளில் நாங்கள் நான்காவது! பரிசு மூன்று வரைக்கும்தான். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம், பஸ்ஸில் ஏறினதும் மறந்துவிட்டார்கள். ஆனால் நடுவர் எழுதினதைக் கேள்: "இவர்கள் எங்கே மூச்சு வாங்கினார்கள் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. யாரையோ உண்மையாகவே கூப்பிட்டார்கள்." தலைமையாசிரியை அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லிவிட்டார். குழு கலையாது. பாட்டு டீச்சர் திரும்பி வந்தாலும் நானும் கூட இருக்க வேண்டுமாம்.

லாரியின் அம்மா வேலை உடுப்போடு வந்து கடைசி வரிசையில் நின்றாள். பாட்டு முடிந்ததும் இவள் மேடையிலிருந்து குதித்து ஓடினாள். வரிசையாவது ஒழுங்காவது.

இப்போது உனக்கு ஒரு வேலை. அடுத்த சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, காலை பதினொரு மணிக்குப் பிடுங்கின கம்பியை மாட்டு. பள்ளி ஆபீஸிலிருந்து போன் வரும். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டால் போதும், நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம், சத்தியமாகக் கேட்க மாட்டேன். பிள்ளைகளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். தினமும் மற்றவர்களுக்கு வண்டி எப்போது வரும் என்று சொன்னவள், இப்போது அவளுடைய குரல் வர நேரமாகிறது என்று. இந்தத் தடவை ஆளுக்கு ஓர் ஆள் வேண்டாம் டீச்சர், எல்லாருக்கும் அவங்கதான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

எடுப்பாய்தானே?

உன் தங்கை


நவம்பர் 23

அக்கா,

நேற்று நீ எடுத்தாய். ஹலோ சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆபீஸ் அறையில் இடமில்லாமல் பாதிப் பிள்ளைகள் நடைபாதையில் நின்றார்கள். நான் கை அசைக்க வேண்டும், அதனால் ரிசீவரை முன்னால் நின்ற லாரியிடம் கொடுத்திருந்தேன். பாதி காதில், பாதி வாயில் என்று பிடித்துக்கொண்டு பாடினாள். கடைசி "வாராயோ" வந்தது. எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவள் மட்டும் திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டாள். அவள் மூச்சு வாங்குகிற இடம் அதில்லை. என்ன ஆயிற்று என்று பார்த்தால் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் பதினாறு வரைக்கும் கொண்டுபோய் முடித்தார்கள்.

முடிந்ததும் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், போன்ல இன்னொரு லாரி பாடுது" என்றாள்.

நான் ரிசீவரை வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். நான் தலைமையாசிரியையின் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். இது சந்தோஷ அழுகை, அட்டை வேண்டாம் என்று சொல்லிச் சமாளித்தேன். லாரிக்குத்தான் ஏகப் பெருமை. அவங்களும் என் இடத்துலதான் பாடுறாங்க டீச்சர், எனக்குப் பக்கத்துல நிக்கலாம் என்கிறாள்.

சாயங்காலம் வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்குக் கீழே பென்சிலால் உன்னையும் சேர்த்துவிட்டேன். நாற்பத்திரண்டு. ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு பேர். மீதி இல்லை.

உன் தங்கை


டிசம்பர் 1

சின்னவளே,

இங்கே நலம். அங்கே நலமா என்று கடிதத்தில் கேட்டுக் கேட்டுக் கை வலிக்கிறது.

நான் பாட வேண்டும் என்று எடுக்கவில்லை. கேட்கத்தான் எடுத்தேன். ஒன்பதாவது எண்ணிக்கையில் என் வாய் அசைந்தது. அசைகிற வாயில் சத்தமும் வந்துவிட்டது. மூன்று தடவை மூச்சு வாங்கினேன். நீங்கள் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தீர்கள், அதனால் ஒன்றும் தெரியவில்லை. அத்தான் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். இருமினார். பொய் ஒன்றும் சொல்லவில்லை, சும்மாதான் இருமினார்.

குரல் திரும்பவில்லை. திரும்பாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதுவும் குரல்தான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல். நீண்ட பட்டியல் வந்தால் நடுவில் இரண்டு மூன்று ஊரை இப்போதெல்லாம் நான் சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன். உன் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வை. அவர் எடுத்து, யாரோ ஓர் ஆம்பிளை உன்னைக் கேட்கிறான் என்று வைத்துவிடப் போகிறார்.

அக்கா